பகலில் தூங்கிய வீடு

என் மகனே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று தரம் படித்துவிட்டேன். கல்யாணத்துக்கு மே மாதத்தில் நாள் குறித்தாயிற்று என்றும், பெண்ணுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் வேலை என்றும், நான் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டுவிட்டு புனேவுக்கு வந்து உங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அந்தப் பெண்ணின் போட்டோவை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். களையான முகம். ஆனால் கடைசியில், இடம் போதாமல் பக்கத்தின் ஓரத்தில் உன் கோழிக் கிறுக்கலில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "அப்பாவோட பாட்டு நோட்டெல்லாம் எனக்கு வேண்டாம், அந்த ஸ்கூல் பிள்ளைங்களுக்கே குடுத்துடுங்க" என்று, அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். ஆகட்டும். நான் வருவதா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரிந்துகொண்டு நீ கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

உன் கோபம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். அப்பா இறந்துபோன மூன்றாவது வாரம், அவர் வாத்தியாராக இருந்த டெல்லித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவருக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். லக்ஷ்மிபாய் நகரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பத்திருபது பேர் வந்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைத்தோம். வாசல்வரை ஆள் நின்றது. அவரிடம் படித்து இப்போது ஏதோ மந்திரி ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன், இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்கள். பேச்செல்லாம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே ஒருத்தி எழுந்து அந்த ல, ள, ழ பாட்டை எடுத்தாள். மொத்தக் கூட்டமும் எழுந்து கூடப் பாடியது. அடுத்து மாதப் பெயர்ப் பாட்டு, அடுத்து வாய்ப்பாட்டுப் பாட்டு. எல்லாம் உன் அப்பா கட்டியவை. முன்வரிசையில் நின்ற அவர் மகனுக்கு மட்டும் ஒரு வரி தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் என்னிடம், "அப்பா இப்படியெல்லாம் பாடுவாராம்மா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் நீயே, "இருபத்திமூணு வருஷம். ஒரே கம்ராவுக்குள்ள மூணு பேரும் படுத்தோம். எனக்கு ஒரு பாட்டுகூட பாடினதில்லை. அவங்களுக்கெல்லாம் அப்பா இருந்திருக்காரு. நம்ம வீட்டுக்கு ஒரு வாத்தியார் வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்காரு" என்றாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "பஸ் வருது, ஏறு" என்றேன். ஒரு வருஷம் ஆகப் போகிறது. அந்தப் பதிலை நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அவர் பாடாமல் இருந்தது உன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. நான் பாட விடவில்லை. இதைச் சொல்ல இத்தனை பக்கம் வேண்டாம்தான். ஆனால் எப்படி விடவில்லை என்று சொன்னால்தான் உனக்கு அவரும் புரிவார், நானும் புரிவேன்.

குவார்ட்டர்ஸ் என் பெயரில் கிடைத்தது. உன் அப்பா சம்பளத்துக்கு கரோல் பாகில் ஒரு மாடி அறை வாடகைக்குப் பிடித்து நாம் மூச்சு முட்டிக்கொண்டிருந்த காலத்தில், கோல் மார்க்கெட் பக்கம் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பின்பக்கத்துப் பால்கனி. நான் ராத்திரி டூட்டி. காலையில் ஒன்பது மணிக்கு வந்து படுத்தால் நாலரைக்கு எழுந்திருப்பேன். மே மாதம் டெல்லியில் பகலில் தூங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஜன்னலுக்கு வெளியே அனல், உள்ளே வெட்டிவேர்த் தட்டியின் ஈர நெடி, கூலரின் இரைச்சல். கூலரின் இரைச்சலில் தூங்கிவிடுவேன். ஆனால் ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், எழுந்து உட்கார்ந்து கத்துவேன். எழுந்தால் மறுபடி தூக்கம் வராது. தூங்காமல் வார்டுக்குப் போனால் மருந்து மாறிவிடுமோ என்று ஒவ்வொரு சீட்டையும் மூன்று தரம் படிப்பேன். இதுதான் என் பயம். பொய்யான பயம் இல்லை.

அதனால் அந்த வீட்டில் நாம் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பார். குக்கர் விசில் கூடாது என்று சோற்றை வடித்தோம். குழாயின் வாயில் துணி கட்டி, தண்ணீர் துணி வழியாகச் சத்தமில்லாமல் வாளிக்குள் இறங்கும்படி வைத்திருந்தார் உன் அப்பா. செருப்பு படிக்கட்டிலேயே கழற்ற வேண்டும். அவர் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பஸ் மாறி இரண்டரைக்கு வருவார், நீயும் அந்நேரத்துக்கு வருவாய். நான் எழுந்திருக்கிறவரை இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். நீ இந்தத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டதே அந்தப் படிக்கட்டில், சிலேட்டில், கிசுகிசுப்பில்தான். அவர் பள்ளிக்கூடத்திலேயே உன்னைப் போட்டிருந்தால் நீயும் அந்தப் பிள்ளைகளோடு பாடியிருப்பாய். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தால்தான் எதிர்காலம் என்று ஒற்றைக் காலில் நின்று வேறு பள்ளியில் சேர்த்தவளும் நான்தான். வேதக்கோயிலில் ஞாயிறு ஆராதனையில் பாடினாரே என்பாய். ஊரில் பாடகர் குழுவில் முதல் குரல் அவர். இங்கே சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கு உன்னை யாரிடம் விட்டுப் போவது என்று குழுவை விட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை நூறு பேரோடு நின்று பாடும்போதுகூட வீட்டுப் பழக்கத்தில் முணுமுணுப்புத்தான் வந்தது. நீ கேட்டது அந்த முணுமுணுப்பு.

சரி, நீங்கள் டூட்டிக்குப் போன பிறகு சாயங்காலம் பாடியிருக்கலாமே என்று நீ கேட்பாய். பாடினார். நாம் குடிவந்த புதிதில் ஒரு மாதம் பாடினார். கீழ்வீட்டில் ஒரு சீனியர் சிஸ்டர், விடியற்காலை டூட்டிக்காக எட்டு மணிக்கே படுக்கிறவள், ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்னொரு தரம் புகார் வந்தால் குவார்ட்டர்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்ள நேரும் என்று என் பெயருக்கு ஒரு காகிதம் வந்தது. நியாயமாக நான் அதை மடித்து எங்கேயாவது செருகியிருக்க வேண்டும். அலமாரிக் கதவின் உட்பக்கம், அவர் சட்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டினேன். இரண்டு வருஷத்தில் அந்த அம்மாள் ரிடையராகி கேரளாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். காகிதத்தை நான் கிழிக்கவில்லை. அவரும் கிழிக்கவில்லை. வெள்ளையடிக்க வந்தவன்தான் சுரண்டி எடுத்தான்.

எதிர் வீட்டு பெஹன்ஜியை உனக்கு ஞாபகம் இருக்கும், லேப் டெக்னீஷியனின் மனைவி, உனக்கு எப்போதும் ஏதாவது தின்னக் கொடுப்பாளே. அது ஏன் ஆரம்பித்தது தெரியுமா? உனக்கு அப்போது ஏழு வயசு. ஒருநாள் அவள் படியில் உட்கார்ந்திருந்த உன் அப்பாவிடம், "மாஸ்டர்ஜி, ஏன் எப்பப் பார்த்தாலும் வெளியிலேயே உக்காந்திருக்கீங்க?" என்று இந்தியில் கேட்டிருக்கிறாள். இவர் தன் இந்தியில், "க்யா கரே பெஹன்ஜி, கர் மே கானா பந்த் ஹை, பீவி சோதி ஹை" என்றிருக்கிறார். வீட்டில் பாட்டு நின்று போச்சு, பெண்டாட்டி தூங்குகிறாள் என்று சொல்கிறாராம். நீ டெல்லியில் பிறந்தவன், உனக்குச் சொல்ல வேண்டாம். அவர்களுக்குப் பாட்டுக்கு ஒரு 'க', சாப்பாட்டுக்கு வேறொரு 'க'. நம் நாக்குக்கு எல்லாம் ஒரே கானா. ல, ள, ழவுக்கு ஊரையே பாட வைத்த மனுஷனுக்கு அந்த இரண்டு 'க' கடைசிவரை வரவில்லை. அவள் காதில், வீட்டில் சோறு நின்று போச்சு என்று விழுந்தது. மறுநாளிலிருந்து ராஜ்மாவும் ரொட்டியும் மூடி போட்ட கிண்ணத்தில் படிக்கட்டுக்கே வர ஆரம்பித்தது. இவரும், பஞ்சாபிக்காரர்களுக்கு என்ன தாராளம் என்று நினைத்துக்கொண்டு உனக்கும் ஊட்டி, தானும் சாப்பிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்திருக்கிறார்.

பத்து நாள் கழித்து பால் பூத்தில் வரிசையில் நிற்கும்போது அவள் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நர்ஸ் ஹோகர் அப்னே ஆத்மி கோ பூக்கா ரக்தி ஹோ? ஷர்ம் நஹீ ஆதி?" புருஷனைப் பட்டினி போடுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாலைக்கூட வாங்காமல் வந்தேன். "என்ன சொன்னிய அந்தப் பொம்பளகிட்ட? நான் உங்களுக்குச் சோறு போடலன்னா?" என்று கேட்டேன். அவர் விழித்தார். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, சட்டென்று அவருக்குப் புரிந்துவிட்டது. "ஐயையோ, நான் பாட்டைல்லா சொன்னேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவ்வளவு சத்தமாக அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. நானும் சிரித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் மாறியிருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்போ நான் உங்கள பாட விடலன்னு தெருவுல சொல்லியிருக்கிய. பாடணும்னா பள்ளிக்கூடத்துல பாடுங்க. என் மானத்தப் படியில உக்காந்து பாடாதிய" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தபடியே நின்றுபோனது. "சரிம்மா" என்றார். அந்த ஆள் சரி என்று சொன்னால் சரிதான். பெஹன்ஜியிடம் போய் விளக்கியும் பார்த்தார். பெண்டாட்டிக்குப் பயந்து பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்து அவள் உனக்கு இன்னும் கொஞ்சம் நெய் விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அவர் எப்படி இருந்தார் என்று நீ பார்த்ததில்லை. நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். சரியாகச் சொன்னால் கேட்டேன். ஒருநாள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தார். நான் டூட்டியிலிருந்து வந்தவள் படுக்காமல் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவருடைய வகுப்பு மைதானத்து ஓரத்தில். வேப்பமரத்தைத் தாண்டுவதற்குள் குரல் கேட்டது. "பல்லில் ல, பள்ளியில் ள, பழத்தில் ழ" என்று மூன்று படியாக ஏற்றி, ழவில் நிறுத்தி, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று பாட்டுக்குள்ளேயே சொல்லிக் கொடுத்தார். கட்டடம் கட்ட வந்தவர்களின் பிள்ளைகள் பாதிப் பேர். ஜுக்கிக் குடிசைகளுக்கு நடந்து போய்த் தாய் தகப்பனிடம் கெஞ்சி அவரே அழைத்து வந்த பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, இரண்டும் அரைகுறை. அதுகள் தொண்டை கிழியப் பாடின. அவர் குரல் எல்லாவற்றுக்கும் மேலே போனது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கோயிலில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் வேறு இரண்டு வரனை வேண்டாம் என்றேன். அதை மறந்தே போயிருந்தேன்.

நீ என்ன நினைப்பாய்? உருகிப் போய், வீட்டுக்கு வந்ததும் பாடுங்கள் என்று சொல்லியிருப்பேன் என்று நினைப்பாய். எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த மனுஷன் இங்கே இத்தனை சந்தோஷமாக இருக்கிறார், எனக்கு மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்த முகத்தைக் காட்டுகிறார் என்று அந்தப் பிள்ளைகள்மேல் பொறாமைப்பட்டேன். கண்ணாடியைப் பியூனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வந்ததை அவரிடம் சொல்லவும் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பகல் டூட்டிக்கு மாறலாம் என்று இரண்டு தடவை என்னைக் கேட்டார்கள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன். பகலில் எனக்கு மேலே பத்து பேர், ஆளாளுக்கு விரட்டுவார்கள். ராத்திரியில் அந்த வார்டில் நான் வைத்ததுதான் சட்டம். ஊரிலிருந்து பதினெட்டு வயசில் ரயிலேறி, பாஷை தெரியாமல் எல்லாரிடமும் திட்டு வாங்கிய எனக்கு அந்த ராத்திரி ராஜ்ஜியத்தை விட மனசில்லை. ஆக, கட்டாயம் கட்டாயம் என்று நான் புலம்பியதில் பாதி நானே பூட்டிக்கொண்ட பூட்டு. உள்ளே உங்கள் இருவரையும் வைத்துப் பூட்டிவிட்டேன்.

உன் வீட்டுக்கு வரப்போகிறவளுக்கும் ஷிப்ட் வேலை. அதனால் இதைக் கேட்டுக்கொள். அவள் தூங்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்காதே, வேலை செய்கிற பெண்ணின் தூக்கம் லேசான விஷயமில்லை. ஆனால் அவள் தூக்கத்துக்காக நீ எதையாவது விட்டால், விட்டேன் என்று அவளிடம் வாய்விட்டுச் சொல். சண்டை வந்தாலும் பரவாயில்லை. உன் அப்பா மாதிரி "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் படியில் போய் உட்காராதே. அவர் ஒரு தடவை கத்தியிருந்தால் நான் அழுதுவிட்டு மாறியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இதுவும் பழியை அவர்மேல் போடுவதற்காகச் சொல்வதுபோல் இருக்கிறதோ என்னவோ. அப்படிப் பட்டால் அந்த வரியை அடித்துவிட்டுப் படி.

நீ புனேவுக்குப் போன வருஷம் முட்டிவலி தாங்காமல் நானே கேட்டுப் பகல் டூட்டிக்கு வந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், "இப்பப் பாடுங்க. யாரும் தூங்கல" என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். கிசுகிசுப்புத்தான் வந்தது. மறுபடி முயன்றார், மறுபடியும் அதேதான். பள்ளிக்கூடத்தில் மறுநாளும் மைதானம் அதிரப் பாடியிருப்பார். இந்த நாலு சுவருக்குள் வரவில்லை. "பழகிப் போச்சு, சிஸ்டரம்மா" என்று என்னைக் கேலி செய்து சிரித்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டார். அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். அடுத்த ஜனவரியில் மார்வலி வந்து, என் ஆஸ்பத்திரியிலேயே, இரண்டு நாளில் போய்விட்டார்.

இவ்வளவும் எழுதிய பிறகு இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் உனக்கு அவர் பாடவே இல்லை என்று நீ நம்பிக்கொண்டே இருப்பாய்.

உனக்கு மூன்று, மூன்றரை வயசு. படிக்கட்டுக்கெல்லாம் உன்னை இன்னும் கூட்டிப் போகாத காலம். அவருக்குக் கோடை லீவு, வெயில் கொடுமை, அறைக்குள்ளேயே தரையில் பாய் போட்டு உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன்னை மறந்து ஏதோ பாட ஆரம்பித்தார். நீ எம்பி, உன் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாய். "சுப்! அம்மா சோ ரஹி ஹை" என்றாய், சத்தம் போடாதே, அம்மா தூங்குகிறாள் என்று. நீ பேசிய முதல் முழு வாக்கியமே அதுதான். சொல்லிக் கொடுத்தவள் நான். அதைச் சரியாகச் செய்கிற போதெல்லாம் எழுந்ததும் உனக்கு பிஸ்கட் கொடுப்பேன். அன்றைக்கு அவர் உன் கையை எடுத்துவிடவில்லை. பொத்திய கைக்குள்ளேயே பாடினார். வாயை மூடி, உன் உள்ளங்கைக்குள், மெல்ல. உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். தோளைக் குலுக்கிச் சத்தமில்லாமல் சிரித்தாய். கையை எடுப்பாய், அவர் நிறுத்துவார். வைப்பாய், பாடுவார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நீயே போய் அவர் வாயில் கையை வைப்பாய். இரண்டு கோடையாவது அது நடந்தது. பள்ளிக்கூடத்தில் போட்ட பாட்டெல்லாம் முதலில் உன் கைக்குள்தான் பாடினார். அவர்கள் எல்லாம் காதால் கேட்டார்கள், உனக்குக் கை அதிர்ந்தது. அந்த வயசில் நடந்தது உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நோட்டுகளை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். அவை உன்னுடையவை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த மத்தியானங்களில் நான் தூங்கவில்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, பாதிக் கண்ணால் உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முழித்துத்தான் இருக்கிறேன், சத்தமாகவே பாடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்த விளையாட்டில் எனக்கு இடம் இல்லை என்பது தெரிந்துவிடுமே என்று, நீங்கள் என் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

இதைப் படித்த பிறகும் என்னைக் கூப்பிட்டால், வருகிறேன்.

அம்மா